யாழ்ப்பாணத்தில் வீடு கீறுதல்: மாற்ற முடியாதது முதலில்

யாழ்ப்பாணத்தில் வீட்டுப் படம் கீறித் தரச் சொல்லி வருபவர்கள் பெரும்பாலும் கைபேசியில் ஒரு முகப்புப் படத்தோடுதான் வருவார்கள். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பியதாக இருக்கும், அல்லது கொக்குவிலில் யாரோ கட்டிய வீட்டைத் தெருவில் நின்று எடுத்ததாக இருக்கும். தூண் எத்தனை, கண்ணாடி என்ன நிறம், படலை தானாகத் திறக்குமா என்பதெல்லாம் முதல் அரைமணி நேரத்திலேயே முடிவாகிவிடும். மலக்குழி எங்கே, பின்னேர வெயில் எந்தச் சுவரில் விழும், கார்த்திகை மழை எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்று கேட்டால், "அதை மேசன் பார்த்துக்கொள்வார்" என்பார்கள்.

இந்த ஒழுங்கு தலைகீழானது. கட்டிட வடிவமைப்பின் தத்துவம் என்று பலர் பலவிதமாகப் பேசினாலும், தினசரி வேலையில் கைகொடுப்பது ஒன்றுதான்: பிறகு மாற்ற முடியாததை முதலில் தீர்மானிக்க வேண்டும், மாற்றக்கூடியதைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டும். ரைல்ஸைப் பத்து வருடத்தில் பெயர்த்து வேறு போடலாம். வர்ணத்தை இரண்டு நாளில் மாற்றலாம். தரையின் உயரம், யன்னலின் திசை, கூரையின் சரிவு, மலக்குழியின் இடம் ஆகியவை ஒருதடவை அமைந்தால் அமைந்ததுதான். அந்த வீட்டில் இருப்பவர்களின் நித்திரை, மின்சாரக் கட்டணம், குடிதண்ணீர் எல்லாம் அந்த நாலைந்து முடிவுகளில்தான் தொங்குகின்றன.

வளவு

இரண்டு பரப்புக் காணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி என்பதால், 60 அடி அகலமும் 90 அடி நீளமும் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குள் வீடு, கிணறு, மலக்குழி மூன்றும் வரவேண்டும். படம் கீறத் தொடங்கும்போது தாளில் முதலில் குறிக்க வேண்டியவை கடைசி இரண்டும்தான்.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழேயுள்ள உப்புநீருக்கு மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நாங்கள் அள்ளிக் குடிப்பது அதைத்தான். மணல் நிலம் வடிகட்டுவதுபோலச் சுண்ணக்கல் வடிகட்டாது. குழியிலிருந்து கசியும் தண்ணீர் ஒரு வெடிப்பைப் பிடித்துவிட்டால் கிணற்றுக்கு அது நேர்வழி. எனவே கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி என்பதை ஆகக்குறைந்த அளவாகவே எடுக்க வேண்டும். இடமிருந்தால் இன்னும் தள்ளிப் போங்கள்.

இங்கே அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. சொந்தக் கிணற்றிலிருந்து அளந்து 60 அடி தள்ளி, பின்மதிலோடு ஒட்டிக் குழி வெட்டுவார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் அயலவரின் கிணறு இருக்கும். படத்தில் காணியின் எல்லைக்கு வெளியே எதுவும் குறிக்கப்படாததால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. நாலு பக்கத்து அயலவரிடமும் போய்க் கேட்டு, அவர்களின் கிணறுகளையும் குழிகளையும் படத்தில் புள்ளியாகக் குறித்துவிட்டுத்தான் சொந்தக் குழிக்கு இடம் தேட வேண்டும். ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை இது.

அடி திறந்த ஒற்றைக் கிடங்கு இந்த நிலத்துக்குச் சரிவராது. அடியும் பக்கங்களும் அடைத்துப் பூசிய இரண்டு அறைத் தொட்டி வேண்டும். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 2,000 லீற்றருக்குக் குறையாமல் கட்டுங்கள். அதிலிருந்து வரும் தண்ணீருக்குத் தனியாக ஊறுகுழி. ஊறுகுழியின் அடி மாரிகால நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். மார்கழியில் கிணற்றை எட்டிப் பார்த்தால் அந்த மட்டம் தெரியும். மூன்று, நாலு அடியிலேயே தண்ணீர் நிற்கும் இடங்களில் ஆழத்துக்குப் போகக் கூடாது. மணலும் சல்லியும் பரப்பி உயர்த்திய அகலமான ஊறுபடுக்கைதான் அங்கே வழி. இதற்கு இடம் கூடத் தேவைப்படும் என்பதாலும் இதை முதலிலேயே குறிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது தரைமட்டம். மழைக்காலத்தில் ஒருதடவையாவது வளவைப் பார்க்காமல் இதை முடிவுசெய்யக் கூடாது. 2008 நவம்பரில் நிஷா சூறாவளி வந்தபோது வெள்ளம் எதுவரை நின்றது என்று ஒழுங்கையில் இருக்கும் வயதானவர்களைக் கேளுங்கள். மதிலில் கைவைத்துக் காட்டுவார்கள். அந்தக் கை இருக்கும் இடத்தில் கரிக்கோடு போட்டு, தண்ணீர் நிரப்பிய தெளிந்த குழாயால் அந்த மட்டத்தை உங்கள் காணிக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளக் குறி கிடைக்காத இடத்தில், தெருவின் நடு உயரத்திலிருந்து ஒன்றரை அடியாவது மேலே தரை வரட்டும். தெருவுக்குக் காபெற் போடும் ஒவ்வொரு தடவையும் அது சில அங்குலம் ஏறுகிறது. இருபது வருடத்துக்கு முன் தெருவோடு மட்டமாகக் கட்டிய வீடுகளுக்குள் இன்று தெருத்தண்ணீர் வருவது இதனால்தான்.

வீட்டை உயர்த்தலாம், வளவை உயர்த்தக் கூடாது. காணி முழுவதும் மக்கி கொட்டி இரண்டடி உயர்த்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. உங்கள் வளவில் நிற்க வேண்டிய வெள்ளம் அயலவரின் வளவுக்குப் போகும். நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றை நன்னீராக வைத்திருக்க வேண்டிய மழை, இறுகிய மக்கிக்கு மேலால் ஓடித் தெருவுக்குப் போகும். மா, பலாவின் அடிமரம் இரண்டடி புதைந்தால் சில வருடங்களில் மரமும் பட்டுப்போகும். எங்களுக்குக் கிடைப்பது வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். 1,000 சதுர அடிக் கூரை ஒன்றில் அது ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல் வரும். கூரைவிளிம்பில் பூட்டும் பீலியின் தண்ணீரைத் தெருக்கானுக்கு விடாமல், வளவின் தாழ்ந்த மூலையில் சல்லி நிரப்பிய ஒரு குழிக்கு விடுங்கள். மலக்குழியின் பக்கத்துக்கு மட்டும் விட வேண்டாம்.

உயர்த்திய தரைக்கு ஒரு விலை உண்டு. வயதான அம்மாவுக்குப் படி கடினம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் தேவை. இரண்டடி உயரமான வீட்டுக்கு 24 அடி. இதை வீடு முடிந்த பிறகு எங்கேயும் செருக முடியாது. கார்ப் பாதையின் ஓரமாக வளைத்து விறாந்தைக்குக் கொண்டுவந்தால் அழகாகவே அமையும்.

வெயிலும் காற்றும்

யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9 பாகை 40 கலை வட அகலாங்கில் இருக்கிறது. வடிவமைப்பில் எல்லாவற்றுக்கும் முந்திய எண் இது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கமாக விழும், ஆனால் மிகவும் செங்குத்தாக. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 14 பாகைதான் வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் தெற்கே 33 பாகை சாயும்.

இதைக் கூரை நீட்டலுக்கு மாற்றிப் பார்ப்போம். சுவரிலிருந்து மூன்றடி வெளியே வரும் கூரைவிளிம்பு, தெற்குச் சுவரில் மார்கழி நண்பகலில் நாலரை அடிக்கு நிழல் தரும். ஜூனில் வடக்குச் சுவரில் பன்னிரண்டு அடிக்குத் தரும், அதாவது முழுச்சுவரும் நிழல். ஆக, வடக்கும் தெற்கும் வெறும் மூன்றடித் தாழ்வாரத்தால் காப்பாற்றக்கூடிய திசைகள். மேற்கு அப்படியில்லை. பங்குனியில் பின்னேரம் 4 மணிக்கு அதே மூன்றடி நீட்டல் மேற்குச் சுவரில் இரண்டடி நிழல்கூடத் தராது. 5 மணிக்கு ஓரடிக்கும் குறைவு. யன்னலுக்கு மேலே ஒன்றரை அடிக் கொங்கிறீற்றுத் தட்டு வைத்துவிட்டு "வெயில் மறைப்பு" என்று படத்தில் எழுதுவது மேற்குப் பக்கத்தில் வீண்செலவு.

மேற்கில் யன்னலே வைக்காமல் விட்டால் என்ன? இங்கேதான் யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல் வருகிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வெக்கை கடுமையான மாதங்களில் வீசுவது சோளகம், தென்மேற்கிலிருந்து. வெக்கை வரும் பக்கமும் காற்று வரும் பக்கமும் ஒன்று. மேற்கை அடைத்தால் காற்று போகும், திறந்தால் வெயில் வரும்.

நல்ல வழி ஒன்று உண்டு. தென்மேற்கிலிருந்து வரும் காற்று தெற்குச் சுவரில் சாய்வாக மோதுகிறது. தெற்கு யன்னல்கள் அதைத் தாராளமாக உள்ளே எடுக்கும், தெற்கு வெயிலையோ தாழ்வாரம் தடுத்துவிடும். ஆகவே பெரிய யன்னல்கள் தெற்கிலும், அவற்றுக்கு எதிரே காற்று வெளியேற வடக்கிலும் வரட்டும். மேற்குப் பக்கத்தில் ஆட்கள் நீண்டநேரம் இருக்காத இடங்களை அடுக்குங்கள்: குளியலறை, களஞ்சியம், மாடிப்படி, அலுமாரிச் சுவர். தென்மேற்கு மூலையில் ஒரு சுவரை நாலைந்து அடி தெற்கே நீட்டிவிட்டால், தெற்குச் சுவரை உரசிக்கொண்டு போகும் காற்றை அது கொஞ்சம் தடுத்துவிடும். அதே சுவரைத் தெற்கு யன்னல்களின் கிழக்கு முனையில் நீட்டினால் காற்று தேங்கி யன்னலுக்குள் திரும்பும். இரண்டில் எது வேண்டுமென்பது மூலையில் அல்ல, யன்னல் எங்கே இருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. படத்தில் காற்றை ஒரு அம்புக்குறியாக வரைந்து பார்த்தால் புரியும்.

மேற்கில் இருந்தே ஆகவேண்டிய அறைக்கு விறாந்தைதான் மருந்து. எட்டடி ஆழமும் ஏழடி விளிம்பு உயரமும் உள்ள விறாந்தை, 4 மணி வெயிலைச் சுவரின் அடியில் இரண்டரை அடிக்குள் நிறுத்திவிடும். 5 மணிக்கு மேல் வரும் தாழ்ந்த வெயிலுக்கு அரைச்சுவர், துளைக்கல் மறைப்பு, அல்லது பதினைந்து அடி தள்ளி ஒரு வேம்பு. நாலடி விறாந்தை கட்டுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது விறாந்தை இல்லை, நடைபாதை. ஒரு சாய்மனைக் கதிரை போட்டு, அதைச் சுற்றி ஒருவர் நடந்துபோக ஆறடியாவது வேண்டும்.

மழை எதிர்ப்பக்கத்தால் வருகிறது. மாரியில் வாடையோடும் கொண்டலோடும் சாரல் வடக்கு, கிழக்குச் சுவர்களை அடிக்கும். வாசல் கிழக்கிலோ வடக்கிலோ இருப்பதைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள். தடையில்லை, ஆனால் அந்த வாசலுக்கு முன் ஆறடி முகப்புக் கூரை இல்லாவிட்டால் ஐந்தாறு மாரிக்குள் கதவின் அடிப்பலகை உப்பி, நிலையின் கால் உக்கத் தொடங்கும்.

யன்னல் அளவைப் பற்றி: தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்கு திறப்பு வேண்டுமென்பது கட்டிட விதியிலும் உள்ளது. 12க்கு 12 அடி அறைக்கு 20 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. ஐந்தடிக்கு நாலடி அலுமினியத் தள்ளு யன்னல் ஒன்று வைத்தால் தாளில் கிட்டத்தட்டச் சரி. ஆனால் தள்ளு யன்னலில் எந்த நேரமும் பாதிதான் திறக்கும், அதற்குமேல் நுளம்புவலை வேறு. பழைய இரட்டைக் கதவு யன்னல் முழுவதும் திறக்கும். காற்றை நம்பி வாழும் வீட்டுக்குப் பழையதுதான் சரி என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதோடு, இரவில் அறைக் கதவைப் பூட்டினால் குறுக்குக் காற்று நின்றுவிடும். கதவுக்கு மேலே ஓரடி உயரத்துக்குச் சட்டம் வைத்த காற்றுத்துவாரம் விடுங்கள். பழைய வீடுகளில் இது இல்லாத அறையே கிடையாது.

மனையடி சாஸ்திரத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. தென்மேற்கு மூலையில் குடும்பத் தலைவரின் அறை வரவேண்டுமென்றால் வரட்டும். வீட்டிலேயே அதிகம் சூடேறும் மூலை அது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, யன்னலைத் தெற்கில் மட்டும் வைத்து, மேற்குச் சுவரோடு அலுமாரியையோ குளியலறையையோ ஒட்டிவிட்டால் போதும்.

நாற்சார்

வெளிநாட்டிலிருந்து கட்டுபவர்களிடம் நாற்சார் வீட்டு ஆசை, அதாவது நடுவில் முற்றம் வைத்து நாலுபக்கமும் கட்டும் வீட்டின் மேல் ஆசை, திரும்பி வந்திருக்கிறது. நல்ல விசயம். ஆனால் முற்றத்தை ஒரு அழகுப்பொருளாக வைத்தால் அது வீட்டைப் பழுதாக்கும். பழைய நாற்சாரில் முற்றம் ஒரு வேலைத்தலம். மிளகாய் காயும், நெல் காயும், சடங்கு நடக்கும், நாலுபக்கத் தாழ்வாரத்தில் ஆட்கள் இருப்பார்கள். இன்றைய வீட்டில் அந்த வேலைகள் இல்லாததால் அளவைச் சுருக்கலாம். பத்தடிக்குப் பத்தடி போதும். அதற்குக் கீழே போனால் வெளிச்சக் குழாயாகிவிடும்.

முற்றம் கெடுவது தண்ணீரால்தான். நாலுபக்கக் கூரைச் சரிவும் உள்ளே பார்த்து இருந்தால், முற்றமும் சரிவுகளுமாக 500 சதுர அடியின் மழைநீர் அங்கே விழும். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,300 லீற்றர். கார்த்திகையில் அது அபூர்வமான மழை இல்லை. ஒரேயொரு நாலங்குலக் குழாயை வைத்துவிட்டு, அதன் வாயில் ஒரு மாவிலை அடைத்தால், அரைமணி நேரத்தில் கூடத்துக்குள் தண்ணீர். எனவே இரண்டு வெளியேற்றம், எதிரெதிர் மூலைகளில், ஒவ்வொன்றும் நாலங்குலம், ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளியே போகவேண்டும். தரைக்குக் கீழே ஓடும் குழாய்க்கு வளைவு வரும் இடமெல்லாம் திறந்து துப்புரவாக்கும் மூடி. முற்றத்தின் தரை கூடத்தைவிட ஆறங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். முற்றத்தைப் பார்த்த கூரைவிளிம்புக்குப் பீலி போடாமல் தண்ணீரை நேரே சல்லி வாய்க்காலில் விழவிடுவது நல்லது. உள்முற்றப் பீலியில் சருகு சேர்ந்தால் யாரும் ஏறித் துப்புரவாக்குவதில்லை, தை மாதம் டெங்கு நுளம்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

இலங்கைக் கட்டிடக் கலைஞர் ஜெஃப்றி பாவாவின் வீட்டுப் படங்களை நீட்டி "இப்படி வேண்டும்" என்பவர்கள் உண்டு. அவருடைய தோட்ட வீடான லுணுகங்கை பெந்தோட்டையில் இருக்கிறது, ஈரவலயத்தில். வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் நிலமும் தூசியில்லாத காற்றும் அங்கே உண்டு. சோளகக்காற்றுக் காலத்தில் செம்மண் தூசி பறக்கும் இணுவிலில் சுவரே இல்லாத கூடம் ஒன்றைக் கட்டினால் நாளுக்கு மூன்றுதரம் கூட்ட வேண்டும். அவரிடமிருந்து எடுக்க வேண்டியது அறைக்குள்ளிருந்து நிழலுக்கும், நிழலிலிருந்து வெளிக்கும் படிப்படியாகப் போகும் ஒழுங்கை. அது எங்கள் திண்ணையிலும் விறாந்தையிலும் ஏற்கெனவே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் வேலைசெய்த கட்டிடக் கலைஞர் லோறி பேக்கரின் துளைச்சுவர்கள் இங்கே இன்னும் நேரடியாகப் பொருந்தும். செங்கல் இல்லாவிட்டாலும் சீமெந்துக் கல்லைப் பக்கவாட்டில் இடைவெளி விட்டு அடுக்கினால் அதே வேலையைச் செய்யும்.

கூரை

மாடி எப்போதாவது கட்டுவோம் என்ற நினைப்பில் சிலாப் போட்டு விட்டுவிடுவது யாழ்ப்பாணத்தில் மிகப் பரவலான முடிவு, மிகச் சூடான முடிவும். ஐந்தங்குலக் கொங்கிறீற்று பகல் முழுவதும் வாங்கிய வெயிலை இரவு பத்து, பதினொரு மணிவரை கீழே விடும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். பிறகு குளிரூட்டி, பிறகு மின்கட்டணம்.

மாடி நிச்சயம் இல்லையென்றால் ஓட்டுக் கூரைக்குப் போங்கள். சரிவு 28 முதல் 30 பாகை. 25க்குக் கீழே இறங்கினால் வாடைச் சாரல் ஓட்டின் மேல்மடிப்புக்குள்ளால் ஏறி உள்ளே ஒழுகும். சீலிங் அடிப்பவர்கள் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள சூடான காற்றுக்கு வழி விடுவதில்லை. விளிம்பில் நுழைவும் முகட்டில் வெளியேற்றமும் வலை வைத்து விட்டால் வித்தியாசம் முதல் பங்குனியிலேயே தெரியும். கூரைக்குப் பனஞ்சிலாகை (பனைமரச் சட்டம்) இன்றும் அருமையான பொருள். ஆனால் பனை தறிக்க முன்கூட்டியே அனுமதி வேண்டும். வைரம் ஏறிய முற்றிய மரத்திலிருந்து எடுத்ததா என்று வெட்டுமுகத்தைப் பார்த்து வாங்குங்கள், கறுத்த நார் நெருக்கமாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே சிலாப் இருந்தால், அதற்கு மேலே இரண்டடி இடைவெளி விட்டுத் தகரமோ ஓடோ போட்டு நாலு பக்கமும் திறந்துவிடுங்கள். அதுவரைக்கும் வருடாவருடம் பங்குனிக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது குறைந்த செலவில் நிறையப் பயன் தரும்.

யார் இருக்கப்போகிறார்கள்

"எத்தனை அறை வேண்டும்" என்று கேட்டால் நாலு, ஐந்து என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது, விடிய எழும்பியதிலிருந்து படுக்கும்வரை வீட்டில் யார் எங்கே என்ன செய்வார்கள் என்பது. அதை மாதவாரியாகவும் கேளுங்கள். பணம் அனுப்பும் பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் பார்க்க வருவார்கள். மற்ற மாதங்களில் அம்மாவும் அப்பாவும்தான். ஆகவே வீடு அவர்கள் இருவருக்காகக் கீறப்பட வேண்டும். தரைத்தளத்தில் காற்றுவரும் அறை, அதோடு சேர்ந்த குளியலறை, மூன்றடிக் கதவு, வாசற்படி உயரமில்லாத குளியலறைத் தரை (தண்ணீரைச் சரிவால் நிறுத்தலாம்), சுவரில் கைப்பிடி பூட்ட இப்போதே உள்ளே இறுக்கமான கொங்கிறீற்றுக் கட்டை. பிள்ளைகளின் அறைகளைத் தனியாகப் பூட்டி வைக்கும்படி ஒரு பக்கமாக ஒதுக்கினால் கூட்டித் துடைக்கும் வேலை பாதியாகும்.

குசினியிலும் இதே உண்மையைப் பார்க்க வேண்டும். முன்னால் பளபளக்கும் ஒரு பான்றி, பின்னால் கோடியில் அஸ்பெஸ்ரஸ் பத்தி இறக்கி அதற்குள் விறகடுப்பு, அம்மி, மீன் வெட்டும் அருவாள். சமையல் நடப்பது பத்தியில். அந்தப் பத்தியையே முறையாகக் கீறுங்கள்: எட்டடிக்குப் பத்தடி, இருந்து வேலைசெய்ய ஒரு தாழ்ந்த திண்டு, மீன் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போக ஒரு வாய்க்கால், புகைபோக்கி. தென்கிழக்குக் குசினியின் புகையைச் சோளகம் வீட்டுக்கு வெளியே கொண்டுபோகும், கொண்டல் வீட்டுக்குள் தள்ளும். ஆகவே குசினிக்கும் கூடத்துக்கும் இடையே மூடக்கூடிய கதவு இருக்கட்டும்.

படம் வாசிக்கத் தெரியாதவர்களிடம் படத்தைக் காட்டிக் கையொப்பம் வாங்குவது நியாயமில்லை. அத்திவாரம் வெட்ட முன், குத்தி அடித்துக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் முழு வீட்டையும் நிலத்தில் உண்மையான அளவில் போடுங்கள். யன்னல் வரும் இடங்களில் கோட்டைத் துண்டியுங்கள். பின்னேரம் 4 மணிக்கு அம்மாவையும் அப்பாவையும் கூட்டிவந்து, பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுபோய் ஒவ்வொரு "அறைக்குள்ளும்" போட்டு இருத்துங்கள். வெயில் முகத்தில் அடிக்கிற இடம், காற்று வருகிற இடம், படலையில் யார் நிற்கிறார்கள் என்று தெரிகிற இடம் எல்லாம் அவர்களே சொல்வார்கள். "இந்தச் சுவர் ஒரு முழம் அங்காலே போகட்டும்" என்று சொன்னால், குத்தியைப் பிடுங்கி நடுவதோடு முடிந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவருக்கு இதைக் கைபேசியில் காணொளியாக எடுத்து அனுப்புங்கள். முப்பரிமாணப் படத்தைவிட இது அவருக்கு விளங்கும்.

உப்பு

கடற்காற்றும் உவர்த் தண்ணீரும் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் தின்னும். துரு ஏறிய கம்பி பருத்துக் கொங்கிறீற்றை வெடிக்கவைக்கும். கரையோர வீடுகளில் சிலாப்பின் அடி உதிர்ந்து கம்பி தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: உப்பு மணல், உவர்க் கிணற்றுத் தண்ணீர், கம்பிக்கு வெளியே போதாத கொங்கிறீற்று. கலவைக்கு எடுக்கும் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். குடிக்க முடியாத தண்ணீரில் கொங்கிறீற்றுப் போட வேண்டாம், பவுசரில் நல்ல தண்ணீர் எடுப்பது முழுச்செலவில் பெரிய தொகையில்லை. மணலைப் போத்தலில் பாதிக்குப் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி மூன்று மணிநேரம் வையுங்கள். மேலே படியும் சேறு மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள்.

கரையோரத்தில் தூணுக்கும் வளைக்கும் (பீம்) கலவை 1:1½:3, அதாவது சீமெந்து, மணல், சல்லி. ஒரு பைச் சீமெந்துக்கு 25 லீற்றர் தண்ணீரைத் தாண்ட விடாதீர்கள். வாளியால் ஊற்ற இலகுவாக இருக்குமென்று தண்ணீர் கூட்டுவதுதான் நல்ல கலவையையும் கெடுக்கிறது. கம்பிக்கு வெளியே 40 மில்லிமீற்றர் நிற்க வேண்டும். அதற்கு உடைந்த ரைல்ஸ் துண்டு வைக்காமல், முதல் வாரத்திலேயே அந்த அளவில் சீமெந்துக் கட்டிகள் வார்த்து, கட்டுக்கம்பி செருகிக் காயவையுங்கள். தண்ணீர் விடுவது குறைந்தது ஏழு நாள், சோளகக்காற்றில் பத்து. சாக்குப் போட்டு நனைத்தால்தான் ஈரம் நிற்கும். விடிய ஒருக்கால், பொழுதுபட ஒருக்கால் வாளியால் தெளித்தால் நடுப்பகலில் காய்ந்துவிடும்.

மேல்மாடிக்கென்று தூண்தலையில் நீட்டிவிட்ட கம்பிகளை எல்லா ஊரிலும் காணலாம். பத்து வருடம் மழையிலும் உப்புக்காற்றிலும் நின்ற கம்பியில் மாடி கட்டக் கூடாது. அந்தத் துரு கீழ்நோக்கி இறங்கித் தூணையும் வெடிக்கவைக்கும். மாடி இரண்டு மூன்று வருடத்துக்குள் வருமென்றால் கம்பிக்குச் சீமெந்துப்பால் பூசி, மெலிந்த கலவையால் பெட்டியடித்து மூடுங்கள், பிறகு உடைத்து எடுக்கலாம். எப்போது என்று தெரியாவிட்டால் கம்பியை நீட்டவே வேண்டாம்.

கடைசிக் கொடுப்பனவைப் பற்றி ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதுங்கள். ஐந்து சதவீதத்தைப் பிடித்துவைத்து, ஒரு மாரி முழுவதும் கழிந்த பிறகு தை மாதத்தில் கொடுப்பதென்று. புரட்டாதியில் குடிபுகுந்த வீட்டின் குறைகள் கார்த்திகையில்தான் தெரியும். முதல் பெருமழை அன்று குடையோடு போய் வடக்குச் சுவரின் யன்னல் விளிம்புகள், முற்றத்தின் இரண்டு வெளியேற்றங்கள், பீலி வழியும் இடங்கள், குளியலறைக்கு வெளிச்சுவர், சிலாப்பில் தண்ணீர் தேங்கும் பள்ளங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துத் திகதியோடு மேசனுக்கு அனுப்புங்கள். மழை விட்டபிறகு சிலாப்பில் ஒரு நாளைக்கு மேல் தண்ணீர் நின்ற இடத்தைச் சோக்கால் வட்டமிட்டு வைத்தால், காய்ந்தபின் எங்கே சரிவு திருத்த வேண்டுமென்று அவருக்கும் தேட வேண்டியிருக்காது.